இரண்டு வயதில் நான் சுரங்கத்தில் இறங்கிய கதை

எங்கள் ஊரில் ஒருவர் நொண்டி நடந்தால், "காலுக்கு இன்னா ஆச்சு?" என்று யாரும் கேட்பதில்லை. "எந்த ஷாஃப்டு?", அதாவது எந்தச் சுரங்கக் குழி, என்றுதான் கேட்பார்கள். பதில் சொன்னால், "எத்தினியாவது லெவலு?" என்று ஆழத்தைக் கேட்பார்கள். அதையும் சொல்லிவிட்டால், அதே லெவலில் செத்துப்போன தங்கள் மாமனைப் பற்றியோ சித்தப்பனைப் பற்றியோ ஆரம்பித்துவிடுவார்கள். தங்கவயலில் கையோ காலோ போவதென்றால் அது பூமிக்குக் கீழேதான் போக வேண்டும். மேலே இருக்கும்போதே போவது முறையல்ல.

எனக்கு இடது கால் மேலேயே போய்விட்டது. தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில், எங்கள் வீட்டுக்குள், பாயில் படுத்திருந்தபோது போயிற்று. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். ஆறு வயதில் அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போனபோது, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் நடையைப் பார்த்துவிட்டு, வாய்ப்பழக்கத்தில், "எந்த ஷாஃப்டு?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என் உயரத்தைக் கவனித்தார். அம்மா சிரித்துச் சமாளித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்றுவரை முழுசாகப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது முடித்த வருஷம் சுரங்கக் கம்பெனி ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தது. வெள்ளைக்கார துரைகள் கப்பலேறிப் போய், அவர்களுடைய பங்களாக்களில் நம் ஆட்கள் குடியேறியிருந்த காலம் அது. துரைகள் விட்டுப்போன சோபா, நாய்க்கூண்டு, ரோஜாத் தோட்டம் இவற்றோடு தர்ம சிந்தனையும் கைமாறி வந்திருக்க வேண்டும். 'ஊனமுற்ற இளைஞர்களின் கல்வி வளர்ச்சிக்காக' என்று நோட்டீஸ் அடித்து டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். ஆரம்ப விழாவுக்குப் பந்தல் போட்டு, பாண்டு வாசித்து, ஆளுக்கொரு மாலை போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் வந்திருந்தார்கள். ஊனமுற்ற இளைஞர்களைக் கூப்பிடத்தான் மறந்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்த டிரஸ்ட் எனக்கு வேண்டியிருந்தது. எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் லைனுக்குப் பக்கத்தில் இருந்தது, விழுந்து எழுந்து போய்விடுவேன். ஹைஸ்கூல் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தைத் தாண்டி இரண்டு மைல். நடக்க முடியாது. தினமும் ஜட்கா வண்டி வைத்து அனுப்ப அப்பாவால் முடியாது. டிரஸ்ட் கொடுத்தால் வண்டியும் ஃபீஸும் புத்தகமும் கிடைக்கும். கொடுக்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான். பக்கத்து வீட்டம்மா இலையும் தூளும் தருவதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். ஹைஸ்கூல் தலைமை ஆசிரியை நல்ல மாதிரி, "மாசக் கடைசி வரைக்கும் சீட்டை வெச்சிருக்கேன், அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லியிருந்தார்.

அப்பா சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்தவர். கீழே பாறை சரியாமலிருக்க மரம் நிறுத்தித் தாங்கு கொடுக்கிற வேலை. அடுத்து மேஸ்திரி ஆகிறவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் ஷிஃப்டு முடிந்து வந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வெல்ஃபேர் ஆபீசுக்குப் போனார்.

அங்கிருந்த கிளார்க் பங்காருபேட்டைக்காரர். தினமும் ரயிலில் வந்து ரயிலில் போகிறவர். அவர் மேஜையில் ஃபைல்களைவிட முக்கியமான பொருள் கடிகாரம். நாங்கள் போனபோது அவருடைய ரயிலுக்கு இருபது நிமிஷம் இருந்தது.

"டிரஸ்டு ஃபாரம் இன்னும் பிரிண்டாகி வரலப்பா," என்றார். "புது ஃபாரம் வர்ற வரைக்கும் இருக்கிற ஃபாரத்தை யூஸ் பண்ணுங்கன்னு ஹெட் ஆபீசுல ஆர்டர். கால் போனதுக்கு நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

அது சுரங்க விபத்து ஃபாரம். நீளமாக, மஞ்சளாக, கட்டம் கட்டமாக இருந்தது. கிளார்க் பேனாவைத் திறந்து முதல் கட்டத்தைப் படித்தார்.

"எந்த ஷாஃப்டு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என்னை முறைத்துவிட்டு, "ஷாஃப்டு இல்லீங்க சார், காய்ச்சலு" என்றார்.

"காய்ச்சலுக்கு இதுல கட்டம் இல்லப்பா. கட்டம் காலியா போனா ஃபைலு திரும்பி வரும். நீ எந்த ஷாஃப்டுல வேலை?"

"சாம்பியன் ரீப்ஸுங்க."

"ஆயித்து," என்று கன்னடத்தில் சொல்லி எழுதி முடித்தார். "லெவல்?"

"எனுக்கா? எழுவதாவது லெவலுங்க."

"ஆயித்து. ஷிஃப்டு?"

"இந்த வாரம் காலைலங்க."

"தொப்பி போட்டிருந்தியா?"

"தொப்பி இல்லாம கேஜுல ஏத்த மாட்டாங்களே சார்." கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு.

"வெரி குட்."

இப்படியாக ஒரு கட்டமும் காலியில்லாமல் நிரம்பிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒன்றுதான் மிச்சம். 'விபத்துக்குப் பொறுப்பானவர்.' அதற்குள் கிளார்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "இதை அப்புறம் பாத்துக்கலாம் விடு" என்று குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். ஆனைக்கு அர்ரம் என்றால் குதிரைக்கு குர்ரம் என்பார்களே, அந்த மாதிரி என் காய்ச்சல் எழுபதாவது லெவலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது டாக்டர். கட்டைவிரல் போனால் இவ்வளவு, முழங்காலுக்குக் கீழே போனால் இவ்வளவு என்று அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. என் காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், பட்டியலை மேலும் கீழும் தேடினார். "நீ இதுல எந்த வரியிலயும் அடங்க மாட்டேங்கிறியேம்மா" என்று வருத்தப்பட்டார். ஃபாரத்தில் அவருக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில், 'சுரங்கத்தில் இறங்கும் வேலைக்குத் தகுதியில்லை, மேலே இலேசான வேலை செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெண்களைச் சுரங்கத்துக்குள் விடுவதே கிடையாது. அப்படியிருக்க, பதின்மூன்று வயதில் டாக்டரிடம் அந்தச் சான்று வாங்கிய பெண் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விபத்து என்று ஒரு காகிதம் கிளம்பினால் அது எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போகும். எங்கள் மஞ்சள் காகிதம் சேஃப்டி ஆபீசுக்குப் போய், ஹெட் ஆபீசுக்குப் போய், 'பொறுப்பானவர் யார், விசாரிக்கவும்' என்ற சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்தது. மாசம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது சேஃப்டி ஆபீசரே ஜீப்பில் ஸ்கெலட்டன் லைனுக்கு வந்து இறங்கினார். பின்னாலேயே கிளார்க், கையில் ஃபைலோடு. லைனில் இருந்த குழந்தைகளெல்லாம் ஜீப்பைச் சுற்றிக் கூடிவிட்டன. ஜீப் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டு மூன்று பெண்கள் அழுவதற்குத் தயாராகவே வந்து நின்றார்கள்.

அம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஸ்டூல் வாங்கிப் போட்டு, டீ போட்டுக் கொடுத்தாள். ஆபீசர் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார்.

"சம்பவம் நடக்கும்போது பாதிக்கப்பட்டவர் தொப்பி, பூட்ஸ் போட்டிருந்தாரா?"

"ரெண்டு வயசுப் புள்ளைங்க," என்றாள் அம்மா. "கவுனே போட்டிருக்கலிங்க."

வெளியே நின்றிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆபீசருக்கும் சிரிப்பு வந்தது. அவர் முட்டாள் இல்லை. ஃபைலை மூடி வைத்துவிட்டு அப்பாவிடம் நேராகவே பேசினார். "இது காய்ச்சல்னு எனக்குத் தெரியுதுப்பா. ஆனா விபத்துன்னு ஃபைல் ஹெட் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்தாச்சு. இப்ப மாத்தணும்னா இதை மூடிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். புது ஃபாரம் வரணும். அடுத்த வருஷம் ஆயிடும்."

"சாமி செயல்னு எழுதிடலாமா சார்?" என்று கிளார்க் யோசனை சொன்னார்.

"சாமி செஞ்சதுக்கு டிரஸ்ட் குடுக்காதுய்யா. ஆளுங்க செஞ்சதுக்குத்தான் ரூல் இருக்கு. ஒரு பேர் வேணும்." பிறகு அம்மாவைப் பார்த்து, தணிந்த குரலில்தான் கேட்டார்: "காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனே?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "மூணாம் நாளுங்க" என்றாள்.

கிளார்க் அதைக் குறித்துக்கொண்டார். அப்பா சட்டென்று, "டீ ஆறுதுங்க சார், குடிங்க" என்றார்.

எங்கள் வீட்டில் பேசாத பேச்சு அந்த மூன்றாம் நாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கீழே ஒரு லெவலில் பாறை வெடித்துச் சரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மரம் நிறுத்துகிறவர்களையெல்லாம் வீட்டுக்கே விடாமல் வைத்திருந்தார்கள். அம்மா தனியாக இருந்தாள். அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்து வேப்பிலை வைத்து, கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு, இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடியபோது கால் தொங்கிக்கொண்டிருந்தது. "மொதல் நாளே வந்திருக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரியில் யாரோ போகிறபோக்கில் திட்டியிருக்கிறார்கள். முதல் நாளே போயிருந்தாலும் அந்தக் காலை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று வெகு நாள் கழித்து ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அம்மாவிடம் அதைச் சொல்வதற்கு அந்த வருஷங்களில் ஒருத்தரும் இல்லை. இதையெல்லாம் நான் சித்தி மூலம் தெரிந்துகொண்டேன். அம்மா வாயைத் திறந்ததே இல்லை.

ஜீப் போன பிறகு அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம், பீடியே சுற்றுகிறேன் என்று தோன்றியது. அப்படிச் சொன்னேனா என்றால் சொல்லவில்லை. எனக்கு ஒன்பதாவது படிக்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது. அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அப்பா தனியாக ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார். "ஆச்சு" என்றார். அவ்வளவுதான். மாசம் முடிய ஒரு நாள் இருக்கும்போது வாசலில் ஜட்கா வந்து நின்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள், என் விஷயத்தில் பூசாரியே இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். குதிரைக்கு என்னைவிட வயசு அதிகம், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தது. வண்டிக்காரர் என்னைத் தூக்கி உட்கார வைத்து, "பொருத்தம்தான் போ" என்றார். முதல் தடவையாக ஒருத்தர் என் காலைக் கேலி செய்து எனக்குக் கோபம் வராமலிருந்தது அன்றைக்குத்தான். அன்று நான் இருந்த சந்தோஷத்தில் யார் என்ன சொன்னாலும் கோபம் வந்திருக்காது.

ஆறு மாசம் கழித்து டிரஸ்டின் ஆண்டு விழா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆடுகளத்தில் பந்தல். இந்தத் தடவை ஊனமுற்ற இளைஞர்களை மறக்கவில்லை. நான் ஒருத்திதான் இருந்தேன், என்னை மேடையில் நடுவில் உட்கார வைத்தார்கள். மேடைக்கு ஏழு படி. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அதைப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். கிளார்க் எழுதிக் கொடுத்த நன்றியுரை என் கையில் இருந்தது. கீழே முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும். பின்னால் அப்பாவோடு வேலை செய்கிற ஆட்கள்.

டிரஸ்டின் தலைவர் எழுந்தார். நல்ல குரல், நல்ல தமிழ். "இந்தச் சிறுமியின் துயரக் கதையைக் கேளுங்கள்" என்று ஆரம்பித்து, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "இரண்டே வயதில், இவளுடைய சொந்தத் தகப்பன், விதிகளை மீறி, இந்தப் பச்சிளம் குழந்தையைக் கேஜில் ஏற்றி எழுபதாவது லெவலுக்குக் கொண்டு சென்றான். அவனுடைய பொறுப்பின்மையால் இவள் கால் பறிபோனது. தவறை அவனே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறான். மேஸ்திரிப் பதவிக்கான பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கியிருக்கிறோம். சட்டம் வேறு, கருணை வேறு. தகப்பன் பறித்ததைக் கம்பெனி கொடுக்கிறது!"

கைதட்டினார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சாம்பியன் ரீப்ஸ் ஷாஃப்டில் கேஜுக்கு மணி அடிக்கிறவர் எழுந்து நின்றிருந்தார். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்து, கதவைச் சாத்தி, மணி அடிப்பது அவர் வேலை.

"அய்யே, இன்னா கதை இது!" என்று கத்தினார். "என் கேஜுல பூனைக்குட்டி ஏறாது! ரெண்டு வயசுக் கொயந்தைய எவன் ஏத்துனான்?"

தலைவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். மேடையோரத்தில் கிளார்க்கின் முகம் வெளுத்துவிட்டது. சேஃப்டி ஆபீசர் கூரையைப் பார்த்தார். கீழே எல்லோரும் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். ஜட்காவும் ஹைஸ்கூலும் அந்த ஒரு நிமிஷத்தில் என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

அப்பா எழுந்து திரும்பினார்.

"நான்தான் ஏத்துனேன்," என்றார் மணி அடிக்கிறவரைப் பார்த்து. "கோணிப்பையில வெச்சு ஏத்துனேன். நீ பாக்கல. குந்து."

மணி அடிக்கிறவர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் காய்ச்சல் வந்த அந்தப் பாறைச் சரிவின்போது அப்பா வீட்டுக்கே போகாமல் கீழே கிடந்தது அவருக்குத் தெரியாததல்ல. அத்தனை நாளும் அவர்தான் மணி அடித்தவர். "பாக்கலயாட்டம் கீது" என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பரிசு கொடுத்தார்கள். விபத்து ஃபைல் என்பதால் விபத்துத் தடுப்புப் பரிசு. ஒரு ஜோடி சுரங்க பூட்ஸ், ஆம்பிளைக்குச் செய்தது, முன்பக்கம் இரும்பு வைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு நன்றியுரையைப் படித்தேன். 'என் வாழ்வில் ஒளியேற்றிய' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. தலைவர் அதை நன்றியுணர்வு என்று எடுத்துக்கொண்டு என் தலையில் கை வைத்தார். அந்தக் கையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. கடிக்கவில்லை, கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை வீசி எறிந்தேன். "இன்னாத்துக்கு நைனா பொய்க் கையெழுத்துப் போட்டீங்க? ஊரே காறித் துப்புது. மேஸ்திரி வேலையும் பூடுச்சு. யாரு கேட்டாங்க உங்கள?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பொறுப்பானவரு யாருன்னு கேட்டாங்க. பேரு இல்லாம ஃபைலு நவுராதுன்னாங்க."

"அதுக்கு?"

"மூணாம் நாளுன்னு கிளார்க்கு அன்னிக்கே எய்தி வெச்சிகினு இருந்தாரு. 'தாயின் அலட்சியம்'னு போட்டுடலாமான்னு கேட்டாரு. அப்பிடிப் போட்டா எனுக்கும் தொந்தரவு இல்லியாம், மேஸ்திரி லிஸ்டும் அப்பிடியே இருக்குமாம்." என் பக்கம் திரும்பினார். "கம்பெனி காயிதத்துல அப்பிடி எய்தட்டும்னு சொல்றியா நீ?"

உள்ளே அடுப்பு ஊதும் சத்தம் நின்றுவிட்டது. அம்மா ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். கால் போய்ப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவளாகவே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நான்தானே வூட்டுலயே வெச்சிகினு இருந்தேன்," என்றாள். "ரெண்டு நாளும் நான்தானே வெச்சிகினு இருந்தேன்."

"ஃபைலுல அப்பிடி இல்லம்மே," என்றார் அப்பா. "என் பேருதான் கீது. சீலு போட்டாச்சு. தலைவரே மேடையில படிச்சுட்டாரு. இனிமே நீ சொன்னா எவன் கேப்பான்?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டு அழுதாள். அப்பா தடுக்கவில்லை. என் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.